சந்திரமௌலி கொடுத்த கம்ப்ளெயின்ட்

"சார், என் ஃபைல்ல யாரோ கை வைக்கறா."

சந்திரமௌலி இப்படிச் சொன்னதும் அனந்தகிருஷ்ணனுக்குக் காபி தொண்டையிலேயே நின்றுவிட்டது. செம்பூரில் பதினோரு பேரை வைத்து கம்ப்யூட்டர் கம்பெனி நடத்துகிறவர். 1987-ல் அது லேசுப்பட்ட காரியமில்லை.

"எந்த ஃபைல்?"

"கம்பைலர் ஃபைல் சார்."

அனந்தகிருஷ்ணனுக்குப் பகீரென்றது. அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலைக்கு ஸ்டாக் கணக்குப் பார்க்கும் புரோகிராம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அவர்கள் வாங்கியிருப்பது யூனிக்ஸ் மெஷின். இவர் ஆபீஸில் இருப்பது வேறு ரகம். இங்கே எழுதுகிற புரோகிராமை அந்த மெஷினுக்குப் புரிகிற பாஷையில் மாற்றிக் கொடுப்பது கம்பைலரின் வேலை. அதற்கு முன்னால், புது மெஷின் எப்படிப்பட்டது என்பதைக் கம்பைலருக்கு ஒரு ஃபைலில் வரிவரியாக எழுதிச் சொல்ல வேண்டும்.

எட்டு வாரமாகச் சந்திரமௌலி எழுதிக்கொண்டுதான் இருந்தான். சோதனைக்காக ஆபீஸில் வந்து இறங்கியிருந்த யூனிக்ஸ் மெஷினோ, கிடங்கில் ஒரே ஒரு போல்ட் இருந்தால் 256 என்று காட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அம்பர்நாத் பார்ட்டி நேரில் வந்து பார்க்கும். அப்போதும் 256 என்றால் ஆர்டர் போச்சு.

"யார் மேல சந்தேகம்?"

"லஞ்ச் டயத்துல ஆபிதாவோட செருப்பு கம்ப்யூட்டர் ரூம் வாசல்ல கிடக்கு சார்."

தூசி ஆகாது என்று செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த ஏ.சி. ரூமுக்குள் போக வேண்டும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கவே தேவையில்லை.

"டேட்டா என்ட்ரி பண்றாளே, தாராவிப் பொண்ணு, அவளா? நம்பர் அடிக்க வந்தவளுக்குக் கம்பைலர்ல என்ன வேலை? இன்னிக்கே சீட்டைக் கிழிச்சுடறேன்!"

"எதுக்கும் நீங்களே நேர்ல ஒரு தடவை பார்த்துடுங்கோ சார்," என்றான் சந்திரமௌலி.

மத்தியானம் மாதுங்காவிலிருந்து வந்த டிபன் காரியரை அனந்தகிருஷ்ணன் திறக்கவேயில்லை. நேராகக் கம்ப்யூட்டர் ரூமுக்கு நடந்தார். அவ்வளவு கோபத்திலும் ஷூவைக் கழற்ற மறக்கவில்லை.

ஆபிதா துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். அவளுடைய வாப்பா வேலை பார்த்த தோல் பட்டறை மூடி நாலு மாதமாகிறது. இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

"ஃபைல்ல கை வெச்சியா?"

"வெச்சேன் சார். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"என்ன தைரியம் உனக்கு!"

"ஒரு நிமிஷம் பாத்துட்டுத் திட்டுங்க சார். ஒண்ணு போட்டா 256 வருதுல்லா? நான் 256 போட்டுப் பாத்தேன். ஒண்ணு வந்திச்சு."

"அதனால?"

"மெஷினுக்குக் கணக்கு தெரியாம இல்ல சார். திருப்பிப் படிக்குது. ஒரு நம்பர ரெண்டு துண்டாத்தான் உள்ள வெக்குது. பெரிய துண்டுல ஒண்ணுன்னா 256-ன்னு அர்த்தம். நம்ம மெஷின் சின்னத் துண்ட முன்னால வெக்கும். இது பெரிய துண்ட முன்னால வெக்கும். நான் மதரஸாவுல ஓதுனவ. வலப்பக்கமிருந்து வாசிச்சுப் பழக்கம். அதான் சட்டுன்னு தோணிச்சு. ஃபைல்ல அந்த ஒரு வரியத்தான் மாத்துனேன்."

புதிதாகக் கம்பைல் செய்து வைத்திருந்த ஃபிளாப்பியை யூனிக்ஸ் மெஷினில் செருகிப் புரோகிராமை ஓடவிட்டாள்.

போல்ட் 1. நட்டு 12. வாஷர் 300.

அனந்தகிருஷ்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதே 1, 12, 300.

"அரே வா!"

சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வரும்போது கொண்டு வந்த கோபம் மட்டும் அப்படியே மிச்சமிருந்தது. அதை யார் தலையிலாவது இறக்கியாக வேண்டுமே. சந்திரமௌலியை உள்ளே கூப்பிட்டார்.

"எட்டு வாரமா உன்னால முடியலை. சாப்பிடற நேரத்துல உக்காந்து இவ முடிச்சிருக்கா. இவ மேலயே கம்ப்ளெயின்ட்டா? வெக்கமா இல்லை?"

சந்திரமௌலி திரையில் இருந்த 1, 12, 300-ஐப் பார்த்தான்.

"திங்கட்கிழமையிலேருந்து ஆபிதா புரோகிராமர். உனக்கு இந்த வருஷம் புரமோஷன் கிடையாது. பொறாமைக்காரனுக்கெல்லாம் என்ன புரமோஷன்? போ!"

"சரி சார்." அவன் வெளியே போனான்.

அனந்தகிருஷ்ணனுக்குத் தன்னை நினைத்தே பெருமையாக இருந்தது. "பார்த்தியாம்மா, திறமை எந்த மூலையில இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது," என்றார். பிறகுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஆமா, அந்த ஃபைலைத் திறக்கப் பாஸ்வேர்ட் வேணுமே? உனக்கு யார் குடுத்தா?"

ஆபிதாவின் கண் நிறைந்துவிட்டது.

"சந்திரமௌலி சார்தான். வெளிய சொல்லாதேன்னாரு. ஆனா அவரு புரமோஷன் போகுதுன்னு கேட்டப்புறம் என்னால வாய மூடிட்டு இருக்க முடியல சார்."

"அவனா? பாஸ்வேர்டையும் குடுத்துட்டு அவனே எதுக்கு எங்கிட்ட வந்து கம்ப்ளெயின்ட் பண்ணணும்?"

ஆபிதா துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"'உன்னப் புரோகிராமரா போடுங்கன்னு மூணு தடவ சிபாரிசு பண்ணிட்டேன், மனுஷன் காதுலயே போட்டுக்கல. ஒரு கம்ப்ளெயின்ட் குடுத்தாத்தான் எந்திரிச்சு வந்து பாப்பாரு'ன்னு சொன்னாரு சார்."