ஆறாவது மாடி

பொக்லைன் வந்து நின்றதுமே அதன் முன்னால் பாயை விரித்துப் படுத்துவிட்டார் வாத்தியார். தலையணையையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார். மனைவி பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு நின்றாள்.

"சார், மண்ணு சுடும். எழுந்திருங்க" என்றார் சைட் இன்ஜினியர்.

"அதுக்குத்தான் தம்பி பாய்" என்றார் வாத்தியார்.

ஓய்வு பெற்ற அவரைத் தெருவே 'மைக் வாத்தியார்' என்றுதான் சொல்லும். அவருக்கு மைக் தேவைப்படாது என்பதால் வந்த பெயர் அது. அவர் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த காலத்தில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் அதைத் தப்பில்லாமல் ஒப்பித்தார்களாம்.

ஆனால் அடுத்தவர் சத்தம் மட்டும் அவருக்கு ஆகாது. ஒரு கொசு பாடினால்கூட அது எந்த வீட்டுக் கொசு என்று விசாரிப்பார். அவருடைய வாடகை வீட்டுக்கு மேல் குடியிருக்கும் நர்ஸின் பையன்கள் பந்து தட்டினால், கீழிருந்து ஒட்டடைக் கம்பால் தளத்தை இடிப்பார்.

தெருக்கோடியில் பிள்ளைகள் விளையாடும் காலி மனையில்தான் ஆறு மாடிக் குடியிருப்பு வரப்போகிறது. வெயில் மறைந்துவிடும் என்றார் ஒருவர். குழாயில் தண்ணீர் வராது என்றார் இன்னொருவர். கார் நிறுத்த இடமிருக்காது என்றார் கார் இல்லாத ஒருவர்.

எல்லாருக்குமாகச் சேர்த்து வாத்தியார் படுத்தபடியே முழங்கினார்.

"அஞ்சு மாடி கட்டிக்க, நான் ஏன்னு கேக்கல. ஆறாவதுன்னு ஒண்ணு வந்துச்சு, நம்ம தலைமேல ஏறி உக்காந்துடுவாங்க. அதை நான் விடமாட்டேன்."

தெரு கை தட்டியது. தட்டாதவள் நர்ஸ் ஒருத்திதான். வருஷத்துக்கொரு வீடு மாறி அலுத்துப்போய், இந்தக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஒரு வீட்டுக்குப் பணம் கட்டியிருந்தாள். வாத்தியார் எழுந்தால்தான் கட்டடம் எழும்.

இன்ஜினியர் போனில் முதலாளியிடம் கெஞ்சினார். வாத்தியாரை விட்டுவைத்தால் ஐந்து மாடியும் போய்விடும் என்று முதலாளிக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆறாவது மாடி வேண்டாம், விட்டுவிடு என்று பதில் வந்தது.

வாத்தியார் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். அப்போதுதான் நர்ஸ் வாயைத் திறந்தாள்.

"தம்பி, மேல சும்மாத்தானே கிடக்கும்? பசங்க விளையாடுற இடத்தை எடுத்துக்கிட்டீங்க இல்ல, மொட்டை மாடியில ஒரு மைதானம் போட்டுக் குடுங்க. தெருப் பசங்க அத்தனை பேரும் வந்து பந்து விளையாடட்டும்."

முதலாளி அதற்கும் சரி என்றார். தெருவுக்குத் தலைகால் புரியவில்லை. வாத்தியாரைத் தோளில் தூக்கிக்கொண்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

வாத்தியார் வாயைத் திறந்தார், மூடினார். பக்கத்து ஊர்வரை போன குரல் பல்லைத் தாண்டவில்லை. மனுஷனுக்குச் சந்தோஷத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கீழே இறக்கிவிட்டதும் மனைவி சொம்பை நீட்டினாள். அவர் காதோரம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, அஞ்சாவது மாடியில நாம வாங்கின வீட்டை வித்துடலாமா?"