முதல் பரிசு

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் பல்செட்டின் மேல் சத்தியம். சொந்தப் பல் இருந்த காலத்தில் செய்த சத்தியங்களைவிட இது உறுதியானது.

என் மகள் கையில் ஓர் அட்டை இருந்தது.

அட்டையில் ஒரு குடை. குடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"அதனால்?" என்றேன்.

பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"குடை ஈரம், அப்பா."

சரிதான். குடை ஈரம்தான். வெளியே மழை என்று அட்டையில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

பத்து வயது. சொன்னது புரியும். சொல்லாமல் விட்டது புரியாது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஜெபராணி மிஸ்தான் அட்டைகளைக் கொடுத்தனுப்பினார். "விடையை நீங்க சொல்லிடக் கூடாது சார். தடயத்தை மட்டும் முன்னால வைங்க. 'அதனால்?'னு கேளுங்க. மிச்சத்தை அவளே கண்டுபிடிக்கட்டும்."

நான் ஐம்பத்தெட்டு வயதில் அப்பா ஆனவன். "தாத்தா, பேத்தியைக் கொஞ்சம் உள்ள தள்ளி உக்காரச் சொல்லுங்க" என்பார் ஆட்டோக்காரர். என் தலையைப் பார்த்ததுமே ஊர் முழுக்க முடிவுக்கு வந்துவிடும். அவள் ஒருத்திதான் வரமாட்டாள்.

என் புளுகுகளுக்கு அவளைப் போல் ஒரு ரசிகை கிடையாது. சிரிக்க மாட்டாள்.

நம்புவாள்.

சுவரில் அவள் அம்மாவின் படம். படத்துக்கு மாலை. கீழே சிவப்பாக ஒரு சின்ன பல்பு, பகலிலும் எரியும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அதைப் பார்த்துவிடுவார்கள். குரல் தானாகத் தணியும். யாரும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

மாலை போட்ட அன்றைக்கு அவள் கேட்டாள்.

"அம்மாவுக்கு எதுக்கு மாலை?"

நேராகச் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். இரண்டே சொல். அவை வாயில் வரவில்லை. வாய்க்குப் பழகியதுதான் வந்தது.

"நீச்சல் போட்டி. தூத்துக்குடியிலிருந்து அந்தமான் வரைக்கும். அம்மாதான் ஃபர்ஸ்ட். அங்க இருக்கிற மீனுக்கெல்லாம் ஒழுங்கா நீந்தத் தெரியலையாம். சொல்லிக்கொடுக்க அம்மாவை அங்கேயே நிறுத்திக்கிட்டாங்க."

"எத்தனை மீன்?"

"நாலாயிரத்து ஏழு."

"சரி" என்றாள். கைதட்டினாள். யாராவது பரிசு வாங்கினால் தட்ட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அவள் அம்மாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். கடற்கரைக்குப் போனால் மணலோடு நின்றுவிடுவாள். எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருப்பதாகச் சொல்லிக்கொள்வாள்.

மகளும் அதைப் பார்த்திருக்கிறாள். எத்தனையோ தடவை.

குடை அட்டையைக் கீழே வைத்தாள். எழுந்து உள்ளே போனாள்.

ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

அம்மாவின் மூக்குக்கண்ணாடி. அது இல்லாமல் பால் பாக்கெட் எது, தயிர் பாக்கெட் எது என்று தெரியாது அவள் அம்மாவுக்கு.

அம்மாவின் செருப்பு. இரண்டு காலும்.

அம்மாவின் போன். சார்ஜ் இறங்கிப் பல மாதம்.

வரிசையாக அடுக்கினாள். மிஸ் எப்படி அடுக்குவாரோ அப்படியே, ஓரங்களைச் சரிபார்த்து.

என்னைப் பார்த்தாள்.

"அதனால், அப்பா?"

நான் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டையில் இல்லாத மழை நன்றாகவே பெய்துகொண்டிருந்தது.

விடையை நான் சொல்லக் கூடாது. மிஸ் சொல்லியிருக்கிறார். ஒரு விதியை இவ்வளவு நன்றியோடு நான் கடைப்பிடித்ததே இல்லை.

அவளே சொன்னாள்.

"அம்மா இனிமே வரமாட்டாங்க."

யாரும் சொல்லாத ஒன்றை அவளாகக் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. சரியான விடை. முழு மதிப்பெண்.

இரண்டு பேரும் அழுதோம். அழுத அழுகையில் மேசையிலிருந்த செருப்பு மிதந்து வாசல்வரை போனது. மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். அவர் அந்தப் பக்கம் அழுதார். அவள் நோட்டில் இரண்டு நட்சத்திரம் ஒட்டச் சொன்னார். இனி எந்தக் காலத்திலும் புளுகமாட்டேன் என்று மகளின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். பெரிய மனுஷி மாதிரி என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

இது நடந்தது போன மாதம்.

நேற்று அவள் அம்மாவுக்கு முதலாம் ஆண்டு. படத்தைத் துடைத்துப் புது மாலை போட்டேன்.

"இந்தத் தடவையும் அம்மாதான் ஃபர்ஸ்ட்டா?" என்றாள்.

அவள் கைதட்டினாள்.