வாய் வைக்காத கறி

"நான் வாய வைக்கலக்கா."

"வச்சிருக்க."

"மாதா மேல சத்தியமா..."

"மாதாவ இழுக்காத! அவ காதுல விழுந்திரப் போவுது."

அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆப்ப மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

பெரிய சனிக்கிழமை, சாயங்காலம்.

அந்த வீட்டில் ஈஸ்டர் கறியை ஆக்குவது பூசைக்கு முன்னால். தின்பது பூசை முடிந்து வந்த பிறகு. நடுவில் யாரும் உப்புப் பார்ப்பதில்லை. மோந்து பார்க்கலாம். நாக்கில் படக்கூடாது.

மூத்தவள் கித்தேரி கரண்டியைத் தூக்கிப் பிடித்தாள்.

"அப்ப இது ஏன் நனஞ்சு கெடக்கு?"

"அடி பிடிச்சிருமேன்னு கிண்டினேன்."

"கிண்டின கரண்டியில மசாலால்லா இருக்கணும்? இது நக்கின மாதிரி பளபளன்னு இருக்கு."

"கழுவினா பளபளன்னுதான் இருக்கும்."

"கழுவுத ஆளா நீ?"

இளையவள் ஜெனோவி வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொழுந்தன் பெண்டாட்டி. கறி என்றால் உயிர்.

சாம்பல் புதனன்று நேர்ந்துகொண்டவள் மூத்தவள்தான். மகள் பிரிஸ்காவுக்கு இரண்டு தடவை தங்கவில்லை. இது மூன்றாவது. ஏழாம் மாதம். உயிர்ப்பு மணி அடிக்கிற வரைக்கும் இந்த வீட்டில் ஒரு நாக்கிலும் இறைச்சி படாது தாயே, அந்தக் குருத்தை நீ பார்த்துக்கொள்.

ஒரு நாக்கிலும் என்றால் இளையவள் நாக்கும்தான். அவளிடம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

தவக்காலம் முழுக்க மூத்தவள் கண்கொத்திப் பாம்பாகக் காத்தாள். ஜெனோவி தாய் வீட்டுக்குப் போய்வந்தால், "வாட்டி" என்று பக்கத்தில் இழுத்து ஒரு முத்தம் கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து கொடுக்காத முத்தம்.

அது முத்தமில்லை, மோப்பம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பெருங்காய வாடைதான் வந்தது.

பெருங்காயம் எதையும் மறைக்கும் என்று மூத்தவள் நினைத்துக்கொண்டாள்.

இன்றைக்குக் குளித்துவிட்டு அடுப்படிக்கு வந்தால் மூடி சரிந்து கிடக்கிறது. கரண்டி நனைந்து கிடக்கிறது. துணி காயப் போட்டுவிட்டு ஜெனோவி உள்ளே வருவதற்குள் போன் அடித்தது. மூத்தவள் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

பிரிஸ்கா.

அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறதாம். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாராம். சென்னையில் இருப்பவள். நினைத்தவுடன் ஓடிப் போகிற தூரமா?

போனை இடுப்பில் செருகியிருந்தாள். அது அப்புறம் அடிக்கவில்லை.

சும்மா இருக்கிற வயிறு சும்மா இழுக்குமா?

"எம் பிள்ளைக்கு ஒண்ணு தங்கப்படாதுன்னு எத்தன நாளாட்டி மனசுல வச்சிருந்த?"

"அப்படிச் சொன்ன வாயில போடுங்கக்கா! பிரிஸ்கா எனக்கும் மகதான்."

"மகன்னா ஒரு பொழுது பொறுத்திருக்க மாட்டியா?"

"திங்கல, திங்கல, திங்கல. எத்தன தடவ சொல்ல?"

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். கடைசிக்கென்று அவள் ஒன்று வைத்திருந்தாள்.

"நீ உப்புப் போடும்போது நான் பக்கத்துலதான நின்னேன்?"

"நின்னீய."

"எத்தன கை போட்ட?"

"ஒரு கை."

"இம்புட்டுக் கறிக்கு ஒரு கைக் கல்லுப்பு காணுமா? காணாது. பாத்துக்கிட்டேதான் நின்னேன். வேணும்னுதான் வாயத் தொறக்கல. சப்புன்னு இருந்தா நீ யோக்கியம். ஆனா உப்பு எடுப்பா நிக்கு! இன்னொரு கை வேணும்னு உனக்கு யாரு சொன்னா? ருசி பாத்தவளுக்குத்தான தெரியும்?"

ஜெனோவி குனிந்து அடுப்பைத் தணித்தாள். 



மூத்தவளுக்கு நெஞ்சில் கொஞ்சம் காற்று இறங்கினாற்போல் இருந்தது. ஆள் அகப்பட்டுவிட்டாள். இனி மாதாவிடம் சொல்லலாம். நானில்லை தாயே, இவள். எம் பிள்ளையை விட்டுவிடு.

"கறிய மோந்து பாத்தேன், வாடை மட்டா இருந்துச்சு, அதான் இன்னொரு கை போட்டேன்" என்றாள் ஜெனோவி, மெதுவாக. "நீங்க நம்ப வேண்டாம். ஆனா, எடுப்பா நிக்குன்னு..."

"நிக்கு. எந்நாக்கு பொய்யா சொல்..."

சொல் பாதியில் நின்றது.

கடைவாய் ஓரத்தில் மிளகு உறைத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் உறைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"நான் என்ன தின்னேனா?" என்றாள் மூத்தவள்.  "உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு... உன்னக் கையும் களவுமாப் பிடிக்கத்தானட்டி..."

இளையவள் சிரிப்பாள் என்று நினைத்தாள். சிரித்திருந்தால் தேவலை.

ஜெனோவியின் முகம் வெளுத்துப் போயிருந்தது. அடுப்பை அணைத்தாள். கிட்டே வந்து மூத்தவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரிஸ்கா போன் போட்டது அதுக்கு முந்தியாக்கா, பொறவா?"