கிளம்பாத கார்

கணவன் வினோத்குமாரின் பழைய கார் கிளம்பவில்லை. தாம்பரத்தில் அப்பா வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றிருந்தாள் சரிதா.

பானெட்டைத் திறந்து பார்த்த அப்பா மாணிக்கவேல், "ஸ்பார்க்கே வரல மாப்ள. இன்னான்னு மெக்கானிக் வந்துதான் பாக்கணும். உங்களுக்கு வேலைக்கு லேட்டாவுது, நீங்க மட்டும் பஸ்ல போங்க. வண்டி ரெடியானதும் சரிதாவ நானே கொண்டாந்து வுடறேன்" என்றார்.

வினோத் முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினான்.

"எப்பப்பா ரெடியாகும்? லேட்டானா அவரு கோச்சுக்குவாரு" என்றாள் சரிதா.

மாணிக்கவேல் சட்டைப்பையிலிருந்து சின்னதாக ஒரு கறுப்புப் பொருளை எடுத்துக் காட்டினார்.

"ரோட்டர். இது இல்லாம ஸ்பார்க் வராது. காலையில நான்தான் கழட்டினேன்."

சரிதா திடுக்கிட்டுப் போனாள். "ஏம்ப்பா?"

"உன் முதுகுல சூடு வச்ச தழும்ப உங்கம்மா பாத்துட்டாம்மா."

அவள் கையிலிருந்த பெட்டியை அவரே வாங்கி உள்ளே கொண்டுபோனார்.