சுடாத துப்பாக்கி

டமார்! டமார்!

கூடாரத்துக்குள் வேகவைத்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்த நாங்கள் அலறியடித்து வெளியே ஓடினோம்.

மைதானத்தின் நடுவில் ஹாலிஸ் நின்றுகொண்டிருந்தார். கையில் ராய்ஸின் இரட்டைக்குழல் துப்பாக்கி. இரண்டு குழலிலும் புகை.

"அடப்பாவி! என்னய்யா பண்ணித் தொலைச்சே?" சங்கத் தலைவர் டெல்பர்ட் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கையில எடுத்தேன். ஆசை வந்துடுச்சு. சுட்டுட்டேன்."

"ஆசையா? உனக்கா?"

எங்கள் ஜார்ஜியா துப்பாக்கிச் சேகரிப்பாளர் சங்கத்தில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அந்தக் காலத்து அமெரிக்கத் துப்பாக்கியைப் பார்த்து, அச்சு அசலாக அதே மாதிரி ஜப்பானில் செய்தவை எங்கள் துப்பாக்கிகள். கொஞ்ச வருஷம்தான் செய்தார்கள். 'நகல்தானே' என்று யாராவது சொன்னால் எங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதிலும் ராய்ஸுடையது போலச் சின்னக் குழல் உள்ளது கிடைப்பது குதிரைக் கொம்பு. ஒரு தோட்டாகூடச் சுடாமல் பெட்டியில் தூங்கினால்தான் அதற்கு மரியாதை. ஒரு தடவை சுட்டாலும் போச்சு.

ராய்ஸ் இந்த வசந்தத்தில்தான் காலமானார். முதல் மாரடைப்பு வந்தபோதே, இனி காடை வேட்டைக்குப் போகமாட்டேன் என்று மனைவி வெர்னாவுக்குச் சத்தியம் செய்தவர். "இந்தத் துப்பாக்கியை நான் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. எல்லாம் அவளுக்காக" என்று எங்களிடம் மார்தட்டிக்கொள்வார். எங்கள் கண்காட்சியில், அவர் பேரில் சுடாத துப்பாக்கிகளின் வரிசையில் வைக்கத்தான் வெர்னா அதை அன்று எடுத்து வந்திருந்தார்.

வரிசையில் வைக்கும்முன், சுட்டதா சுடாததா என்று கழற்றிச் சோதிப்பது வழக்கம். முதலில் ஹாலிஸ் தனியாகப் பார்ப்பார். அப்புறம் எல்லோர் முன்னாலும் டெல்பர்ட் பார்ப்பார். கையுறை போடாமல் தொட்டால் பட்டென்று நம் கையில் அடிக்கிற ஆள் ஹாலிஸ். அவரா இப்படி?

"இனிமே சோதனை மேசைப் பக்கம் உன்னைப் பார்த்தேன், தெரியும் சேதி!" டெல்பர்ட்டுக்கு மூச்சு வாங்கியது.

"சரி," என்றார் ஹாலிஸ்.

டெல்பர்ட் வெர்னாவிடம் திரும்பினார். "மன்னிச்சிடுங்க அக்கா. ராய்ஸ் பொத்திப் பொத்தி வச்சதை இவன் ஒரு நிமிஷத்துல பாழாக்கிட்டான். இனிமே இதைக் கழற்றிச் சோதிச்சு என்ன ஆகப்போகுது? இன்னிக்குக் காலை வரைக்கும் சுடாததுன்னு எழுதி, வரிசையில முதல் ஆளா வைக்கிறோம். ராய்ஸ் வாக்குத் தவறாதவர்ங்கறதுக்கு நாங்க அத்தனை பேரும் சாட்சி."

வெர்னா தலையை மட்டும் ஆட்டினார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. என் வண்டிக்குப் பின்னால் தனியாக நின்ற ஹாலிஸைப் பிடித்துக்கொண்டேன்.

"செத்துப்போன மனுஷனோட பொருள்ங்க அது. நீங்களே இப்படிப் பண்ணலாமா? வெட்கமா இல்லையா?"

"திட்டு, திட்டு. நல்லாத் திட்டு."

அப்போது வெர்னா ஐஸ் போட்ட இனிப்புத் தேநீரோடு வந்தார். ஹாலிஸ் பதறிப்போய்த் தொப்பியைக் கழற்றினார். வியர்வையைத் துடைக்கப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். கூடவே ஒரு சின்னப் பழுப்பு இறகு கீழே விழுந்தது. சட்டென்று அதன்மேல் காலை வைத்தார்.

"காலை எடு, ஹாலிஸ்."

எடுத்தார். வெர்னா குனிந்து அதை எடுத்துப் பார்த்தார்.

"காடை இறகு. எங்கே இருந்துது?"

"அது... காத்துல பறந்து வந்து..."

"எங்கே இருந்துதுன்னு கேட்டேன்."

"குழலுக்கு அடியில இருக்கற முன்கட்டையைக் கழற்றினேன். உள்ளே ஒட்டிக்கிட்டிருந்துது. கட்டைக்குள்ள ரத்தக் கறைகூட..."

எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. டெல்பர்ட் கழற்றியிருந்தால் வெர்னாவின் கண் முன்னாலேயே ராய்ஸின் சத்தியம் சந்தி சிரித்திருக்கும். அதை மறைக்கத்தான் மனுஷன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். அவரைத் திட்டிய வாயைக் கழுவவேண்டும் போலிருந்தது.

"ராய்ஸ் ஏதோ ஒரே ஒரு தடவை போயிருப்பார் அக்கா. மனசுல வச்சுக்காதீங்க," என்றார் ஹாலிஸ் கெஞ்சலாக.

வெர்னா வாய்விட்டுச் சிரித்தார்.

"ஒரு தடவையா? குளிர்காலம் பூரா, கடையில வாங்கினேன்னு காடை கொண்டுவருவார். நானும் பொரிச்சு வைப்பேன். கடிச்சா பல்லுல ஈயக் குண்டு! கடைக் காடையை யாருய்யா சுட்டுக் கொல்றாங்க?"

"நீங்க கேட்கவே இல்லையா?"

"கேட்டா நிறுத்தியிருப்பாரே! டாக்டர்கிட்ட ரகசியமாக் கேட்டேன். மெதுவா நடந்தா ஒண்ணும் ஆகாதுன்னார். அப்புறம் எனக்கென்ன? வேட்டைக்குப் போய்ட்டு வந்த அன்னிக்கு அந்த மனுஷன் முகத்தை நீ பார்க்கணும் ஹாலிஸ். பச்சைப் பிள்ளை மாதிரி இருப்பார். நான் குண்டைச் சத்தமில்லாமத் துப்பிட்டு, இந்தக் கடைக் காடை நல்லாயிருக்குன்னு சொல்வேன்."

 வெர்னா ஒரு கோப்பைத் தேநீரை ஹாலிஸின் கையில் திணித்தார்.

"உங்க முன்னாடி அவர் பேர் கெட்டுடக்கூடாதுன்னு நேத்துப் பூரா உட்கார்ந்து அந்தத் துப்பாக்கியைத் துடைதுடைன்னு துடைச்சேன். இந்த முன்கட்டையைக் கழற்றத்தான் எனக்குத் தெரியாமப் போச்சு!"