முட்டி நிற்கும் லாரி

லாரி களத்துக்குள் இறங்கும்போது மணல் குவியலைக் காணவில்லை.

ஓட்டுநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். குவியல் இருந்த இடத்தில் தரைதான் இருந்தது.

அந்த மணலைக் காலையிலிருந்து ஏற்றிக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தது அவனேதான்.

"மாமா, குவியலைக் காணோமே" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினன். மனைவியின் தம்பி. சுமை ஏற்றி இறக்க லாரியோடு வருகிறவன்.

"தெரியுது."

சிமெண்ட் கல் வார்க்கிற களம் அது. மணலும் விற்பார்கள். வாசலிலிருந்து உள்ளே வரும் பாதை நல்ல இறக்கம். இறக்கம் முடிகிற இடத்தில்தான் குவியல் இருக்கும்.

லாரிக்குப் பிரேக் லைனிங் தேய்ந்துபோய் மாதக்கணக்காகிறது. முதலில் கீச்சிட்டது. பிறகு உறுமியது. மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இனிமே இரும்பும் இரும்பும்தாண்ணே உரசிக்கணும்" என்று சொல்லிவிட்டான்.

ஓட்டுநர் அலட்சியக்காரன் இல்லை. அன்றைக்கே புது லைனிங் வாங்கிவிட்டான். பெட்டி சீட்டுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. மாட்ட வேண்டும் என்றால் லாரி ஒரு நாள் நிற்க வேண்டும். நிற்பதற்குத்தான் ஒரு நாளும் ஒழியவில்லை.

சாலையில் சின்ன கியரும் பெரிய ஹாரனும் கைகொடுத்தன. களத்துக்குள் மணல் கைகொடுத்தது.

மரியாதைக்கு ஒரு முறை பெடலை மிதிப்பான். மூக்கை மணலில் கொண்டுபோய் வைப்பான். தண்ணீரில் இறங்கிய எருமை மாதிரி லாரி சொகுசாக உட்கார்ந்துவிடும்.

"பூ மாதிரி நிறுத்துறான்யா" என்று மற்ற ஓட்டுநர்கள் பேசிக்கொண்டார்கள். கேட்டுக் கேட்டு அவனுக்கே அப்படித்தான் தோன்ற ஆரம்பித்திருந்தது.

ஒரே ஒரு தொல்லை, வீட்டில் பாயெல்லாம் மணல். சத்தம் போட்டால் மனைவி கொண்டையை உதறிக்கொண்டு சிரிப்பாள். அவளும் அதே களத்தில்தான் கல் அடுக்குகிறாள். மணல் ஒட்டாமல் எப்படி இருக்கும் என்று விட்டுவிடுவான்.

இன்றைக்குக் குவியல் மொத்தமும் விலைபோனது. லோடுக்கு லோடு அது சின்னதாகிக்கொண்டே வந்தது. அவனும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய் முட்டினான். கடைசி லோடுக்கு மேஸ்திரி, "சுரண்டி ஏத்திட்டுப் போப்பா, நாளைக்குப் புது மணல் வருது" என்றார். இரண்டாவது மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவனும் கூடவே சுரண்டினான். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் அவனுக்கு.

இப்போது பெடலை மிதித்தான்.

தாழ்ப்பாள் போடாத கதவு மாதிரி அது உள்ளே போனது. மறுபடி மிதித்தான். மறுபடியும் போனது.

அப்போதுதான் பார்த்தான். குவியல் இருந்த இடத்துக்கு அந்தப் பக்கம், மதில் நிழலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தூசி விழாமலிருக்க மதிலைப் பார்த்துத் திரும்பி, தூக்குச்சட்டியை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு அவனுக்குத் தெரியும்.

மத்தியானத்தில் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

"அக்கா" என்றான் மச்சினன்.

ஓட்டுநர் ஹாரனை அழுத்தினான். கல் வார்க்கும் மிஷின் ஓடும்போது அந்தக் களத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. கைப்பிரேக்கை இழுத்தான். வீட்டுப் பிள்ளை மாதிரி அவன் கையோடு வந்துவிட்டது. கியரை இறக்கினான். அது பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே நின்றது.

ஸ்டியரிங்கை முழுசாக இடப்பக்கம் ஒடித்தான்.

காயவைத்திருந்த கல் அடுக்குக்குள் லாரி போனது. முதல் வரிசை சரிந்தது. அடுத்தது சரிந்தது. அதற்கும் அடுத்தது யோசித்துவிட்டுச் சரிந்தது. பிறகு லாரி நின்றது.

மிஷினை யாரோ நிறுத்தினார்கள். மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். ஓட்டுநர் இறங்கினான். பம்பருக்கும் மனைவிக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கலாம். அவ்வளவு இடம்தான் இருந்தது.

அவள் சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றாள். லாரியைப் பார்த்தாள். உடைந்த கல்லைப் பார்த்தாள். சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்துவிட்டு, அவன் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மணல் இல்லேன்னா கல்லுல போய் முட்டணுமா? வந்துட்டேன்னு சொல்லத்தான் தினம் மணலை இடிச்சு என் முதுகுல சரிச்சு விடுறீங்க. அதோட நிறுத்திக்கக் கூடாதா? இத்தனை பேர் பாக்குறாங்க."

சொல்லிவிட்டு வெட்கத்தோடு முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அங்கே இன்றைக்கு மணல் இல்லை.

மச்சினன் மாமாவைப் பார்த்தான்.

ஓட்டுநர் லாரிக்குள் கையை விட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்தான். பிரிக்காத பெட்டி. மேலே படிந்திருந்த தூசியைச் சட்டையால் துடைத்தான்.

"என்னது அது?" என்றாள். "எனக்கா?"

"ஆமா" என்றான். "உனக்குன்னுதான் வாங்கினேன். குடுக்கத்தான் நேரமில்ல."

மச்சினன் ஜாக்கியைத் தேடப் போனான்.