கடைசிப் பெயர்

"அண்ணா, என்னை மட்டும் கூப்பிடலையே, எம்மேல ஏதாச்சும் கோபமா?"

வினீலா நேராக யாதகிரியின் மேசைக்கே வந்து நின்றாள். ஸுலைகாவின் வழியனுப்பு பிரியாணி விருந்துக்கு அழைப்பு போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மாதாப்பூர் ஐ.டி. வட்டாரத்தில் பிரியாணி விஷயத்தில் யாருக்கும் பொறுமை கிடையாது.

பதவி உயர்வு கை நழுவிப்போன வருத்தத்தில் ஸுலைகா வேலையை விடுகிறாள். இன்று கடைசி நாள்.

யாதகிரி சிரித்தான். அழைப்புகளை அனுப்புவது, டீம் லீடான புதிதில் அவன் பைத்தான் கணினி மொழியில் எழுதிய ஒரு சின்ன லூப். ஆங்கில எழுத்து வரிசையில் டீமில் மற்றவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனியே அனுப்பிவிடும். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

திறந்து பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறதே என்று முடிவில் ஒன்றைக் கழித்திருந்தான். பைத்தான் தானாகவே முடிவுக்கு ஒன்று முன்னால் நின்றுவிடும். இவனும் கழித்ததில், கடைசிப் பெயரை லூப் தொடவே இல்லை.

கோபமெல்லாம் இல்லை, வரிசையில் நீ கடைசி, அதனால் விட்டுப்போயிற்று என்று அவளைச் சமாதானப்படுத்தினான்.

சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது.

வினீலா இன்றுதான் கடைசி. விருந்தே ஸுலைகாவுக்கு என்பதால் அவள் பெயரைக் காலையில்தான் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தான். ஜெட் எழுத்தில் தொடங்கும் பெயர். அதுவரை கடைசியில் இருந்தவள் அவள்தான்.

உகாதி, சங்கராந்தி, அவனுடைய புதுவீட்டுக் கிரகப்பிரவேசம், எல்லாவற்றுக்கும் அழைத்தது இந்த லூப்தான். பத்துகம்மா பூப்பண்டிகை அன்று ஆபீசுக்கு அத்தனை பேரும் பட்டில் வந்திருக்க, ஸுலைகா மட்டும் சாதாரண சுடிதாரில் வந்தாள். வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தலைவலி என்று திரும்பிப் போனாள். நம் பண்டிகை அவளுக்கு எதற்கு என்று இவனே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டான்.

ஒருநாளும் அவள் இப்படி வந்து கேட்டதில்லை.

வினீலாவுக்கும் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினாள்.

"அப்போ ஸுலைகா அக்காவை நீங்க வேணும்னு விடலையாண்ணா? நாங்க எல்லாரும் அப்படித்தான்னு நினைச்சோம்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

அந்தக் கோடியில் ஸுலைகா சார்ஜர் ஒயரைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். இவன் பார்ப்பதைக் கண்டு லேசாகப் புன்னகைத்தாள். போய், எல்லாம் லூப்பில் வந்த பிழை என்று சொல்லிவிடலாம். அவள் நம்புவாள். மன்னித்தும் விடுவாள்.

எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவளுடைய பதவி உயர்வுக்கு மேலிடம் இவன் கருத்தைக் கேட்டிருந்தது. வேலையில் குறையில்லை, ஆனால் நம்மோடு ஒட்டமாட்டாள் என்று எழுதி அனுப்பியது லூப் இல்லை, அவன்.